1962: சீனப் படையெடுப்பின் அகமும் புறமும்

ஓர் அரசு தன் படையை எல்லை கடந்து அனுப்பும்போது உலகத்தாருக்கு ஒரு காரணத்தைச் சொல்லுகிறது. தன் குடிமக்களுக்கு ஒரு காரணத்தைச் சொல்லுகிறது. தன் உள்ளத்தில் வேறு சில காரணங்களை வைத்துக்கொள்ளுகிறது. இம்மூன்றையும் வேறு பிரித்து அறிவது வரலாறு பயில்வோரின் கடமையாகும். 1962-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள், மக்கள் சீனக் குடியரசின் படைகள் கிழக்கே நம்கா சூ ஆற்றங்கரையிலும் மேற்கே லடாக்கிலும் ஒரே வேளையில் இந்தியக் காவல்நிலைகளைத் தாக்கின. ஒரு திங்கள் கழித்து, நவம்பர் 21-ஆம் நாள், வெற்றி பெற்றுக்கொண்டிருந்த அந்த அரசு தானாகவே போர்நிறுத்தத்தை அறிவித்தது. கிழக்கே பிடித்த நிலத்தைவிட்டுத் திரும்பியும் சென்றது. வந்தது ஏன்? வென்றவர் தாமே திரும்பியது ஏன்? இவ்விரு வினாக்களே இன்றைய பேச்சின் பொருள்.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பதாண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். இப்பாடத்துக்குரிய வினாவைத் தேர்வில் கேட்டால், “சீனா நட்புக்குத் துரோகம் செய்தது” என்னும் ஒற்றை வரி விடைத்தாள்களில் மிகுதியாக வரும். “அது பொதுவுடைமை நாடு, ஆகவே படையெடுத்தது” என்று எழுதுவோரும் உண்டு. முன்னது நம் மனப்புண்ணைக் காட்டுகிறது. பின்னது வீட்டு வாயிற்பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நடப்பதைச் சொன்னதாக எண்ணிக்கொள்ளுகிறது. இரண்டுமே காரணத்தை ஆராய்ந்த விடைகள் ஆகா.

காரணங்களை ஆராய்வது நம் ஊரார்க்குப் புதிய வேலையன்று. 1799-இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் நம் திருக்களம்பூர்ப் பகுதியில் பிடிபட்டதையும், தொண்டைமான் அவரைக் கும்பெனியாரிடம் ஒப்புவித்ததையும், அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அச்செயலை ஒரே சொல்லால் தீர்ப்பிட்டு முடிப்பவர் பலர். ஆயினும், கும்பெனியாரோடு அவ்வரசுக்கு இருந்த நெடுநாள் உறவு என்ன, அண்டை அரசுகளோடு இருந்த பிணக்குகள் என்ன, மறுத்திருந்தால் நேரக்கூடியது என்ன என்று கேட்ட பின்னரே வரலாறு தொடங்குகிறது. கேட்பது, செய்ததை நியாயம் என்று ஒப்புவதாகாது. இந்தத் தெளிவு 1962-ஐப் பற்றிப் பேசும்போது நமக்கு மிகவும் வேண்டும்.

ஆராய்ச்சிக்கு ஒரு முறை வேண்டுமல்லவா? அதை நம் திருக்குறளிலேயே காண்கிறேன். பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசன் செயலில் இறங்குமுன் எண்ண வேண்டியவற்றைச் சொல்லுகின்றன. அவற்றையே வினாக்களாக மாற்றிக்கொள்வோம். ஏன் அந்த இடம்? ஏன் அந்தக் காலம்? ஏன் அந்த அளவோடு நின்றது? ஒருவர் காட்டும் காரணம் இம்மூன்றில் எதற்கு விடையளிக்கிறது என்று உரைத்துப் பார்த்தால், அதன் மாற்று தெரிந்துவிடும்.

முதலில் இடம். சண்டை இரண்டு முனைகளில் நடந்தது. கிழக்கே, 1914-இல் சிம்லா மாநாட்டில் வரையப்பட்ட மக்மோகன் கோட்டை ஒட்டிய மலைநாடு. இன்றைய அருணாசலப் பிரதேசம். மேற்கே, லடாக்கைச் சார்ந்த அக்சாய் சின் என்னும் உயர்ந்த வறள்நிலம். பரப்பு ஏறத்தாழ 38,000 சதுரக் கிலோமீட்டர். புல்லும் அரிதாகவே முளைக்கும் அந்நிலத்தின்மேல் சீனத்துக்கு ஏன் அத்துணை விருப்பம்? சிங்கியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையைச் சீன அரசு 1957-இல் அதன் வழியே அமைத்து முடித்தது. திபெத்துக்குப் படையும் உணவும் கொண்டுசெல்ல அச்சாலை இன்றியமையாதது. ஆக, இடம் பற்றிய வினாவுக்கு விடை ‘திபெத்து’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

1951-இல் திபெத்து சீன ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்டது. 1954-இல் இந்தியாவும் சீனமும் பஞ்சசீல ஒப்பந்தம் செய்தன. 1959 மார்ச்சுத் திங்களில் லாசா நகரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார். தஞ்சம் அளித்தது நம் பண்புக்கேற்ற செயல். ஆனால் பீக்கிங் நகரத்தில் இருந்தோர் அதை அவ்வாறு பார்க்கவில்லை. திபெத்தியக் கிளர்ச்சிக்காரருக்கு அமெரிக்க உளவுத்துறை கருவிகளும் பயிற்சியும் அளித்து வந்தது உண்மை. இந்தியாவும் அதற்கு உடந்தை, திபெத்தைத் தன்னிடமிருந்து பிரித்து இடைநிலை நாடாக்க விரும்புகிறது என்று சீனத் தலைமை எண்ணியது. இந்திய அரசோ 1954 ஒப்பந்தத்திலேயே திபெத்தைச் சீனத்தின் பகுதியென்று ஏற்றிருந்தது. அந்த எண்ணம் தவறானது; ஆயினும் அதை எண்ணியவர் கையில் படை இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். திபெத்துச் சிக்கல் நமக்கு வெளிநாட்டு விவகாரம். சீன அரசுக்கு அது உள்நாட்டு விவகாரம். தன் ஆட்சியை மனமுவந்து ஏற்காத மக்களை அடக்கி ஆளும் அரசு, அம்மக்களின் வெறுப்புக்குத் தன் செயலில் காரணம் தேடுவதில்லை. வேலிக்கு வெளியே தேடுகிறது. அகத்தில் எழும் அச்சம் புறத்தில் பகையாக உருக்கொள்ளுகிறது. 1962-இன் முதற் காரணம் இதுவே என்பது என் துணிபு.

இந்தியத் தரப்பிலும் அகம் இல்லாமலில்லை. 1959 ஆகஸ்டில் லோங்ஜூவில் மோதல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் லடாக்கில் இந்தியக் காவலர் பதின்மர் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் காவலர் வீரவணக்க நாள் கடைப்பிடிக்கப்படுவது அதனாலேயே. நாடாளுமன்றம் கொதித்தது. 1960 ஏப்ரலில் சூ யென்லாய் தில்லிக்கு வந்தபோது, மேற்கே சாலை எங்களுக்கு, கிழக்கே மலைநாடு உங்களுக்கு என்னும் குறிப்பு அவர் பேச்சில் இருந்தது. மக்களின் சினத்துக்கு நடுவே நேரு அதை ஏற்கும் நிலையில் இல்லை. ஏற்பது நீதி என்றும் அவர் கருதவில்லை. 1961 நவம்பரில், உரிமை கோரிய நிலங்களில் சிறு சிறு காவல்நிலைகளை முன்தள்ளி அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. சீனர் சுடமாட்டார் என்னும் நம்பிக்கையின் மேல் கட்டிய திட்டம் அது. நெவில் மாக்ஸ்வெல் என்பார் 1970-இல் வெளியிட்ட நூலில் பழி முழுவதையும் இத்திட்டத்தின்மேல் சுமத்தினார். முன்தள்ளிய நிலைகள் சினத்தை மூட்டின என்பது மெய்யே. ஆயினும், சில வீரர்கள் இருந்த சிறு நிலைகளை அகற்ற இரண்டு முனைகளிலும் பெரும்படை தேவையில்லை. படையின் அளவே வேறு நோக்கங்களும் உண்டென்று பறைசாற்றுகிறது.

இனிக் காலம். 1958-இல் மா சே துங் ‘மாபெரும் பாய்ச்சல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். உழவரைப் பெரும் கம்யூன்களில் சேர்த்தனர். வீட்டுப் பின்புறங்களில் உலை அமைத்து இரும்பு உருக்கச் செய்தனர். விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கெழுதி, அக்கணக்குப்படி தானியத்தைப் பறித்தனர். விளைவு பெரும்பஞ்சம். 1959 முதல் 1961 வரை மாண்டவர் தொகையை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை மதிப்பிடுகின்றனர். இதைக் கண்டித்துப் பேசிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாய் 1959-இல் பதவியிழந்தார். 1962 சனவரியில் ஏழாயிரம் ஊழியர் கூடிய கட்சி மாநாட்டில், இக்கேட்டில் இயற்கையின் பங்கு சிறிது, மனிதரின் பங்கே பெரிது என்று லியு ஷாவோசி சொன்னார். மா சே துங் தன்னைத்தானே குறைகூறிக்கொள்ள நேர்ந்தது.

“பசியை மறைக்கவே போர்” என்று எழுதுவோர் பலர். நம் உரைகல்லில் இதை உரைத்துப் பார்ப்போம். பசியை மறைப்பதே நோக்கமாயின், பஞ்சம் கொடுமையின் உச்சியில் இருந்த 1960-இலேயே போர் மூண்டிருக்க வேண்டும். 1962-இலோ விளைச்சல் சற்றே தேறத் தொடங்கியிருந்தது. ஆதலால் பஞ்சத்தைவிட, பஞ்சத்துக்குப் பின் கட்சிக்குள் எழுந்த அதிகாரப் போட்டியே காலத்தோடு பொருந்துகிறது. 1962 செப்டம்பர் இறுதியில் நடந்த கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்தில் வர்க்கப் போராட்டத்தை ஒருபோதும் மறவாதீர் என்னும் முழக்கத்தோடு மா சே துங் தன் பிடியை மீண்டும் இறுக்கினார். உள்ளே வளைந்து கொடுப்பவர் யாவரும் ஐயத்துக்குரியவர் என்றான பின், வெளியே வளைந்து கொடுக்கும்படி சொல்ல எவர் முன்வருவார்? அக்டோபர் முற்பகுதியில் போர் முடிவு உருவாயிற்று.

அவ்வாண்டின் முற்பாதியில் சீனத்தைச் சுற்றிலும் நெருப்பு இருந்தது. தைவானில் இருந்த சியாங் கை ஷேக் பெருநிலத்தின்மீது படையிறங்கத் துடித்தார். சிங்கியாங்கிலிருந்து ஏப்ரல், மே திங்கள்களில் 60,000-க்கு மேற்பட்டோர் சோவியத்து எல்லைக்குள் ஓடிப்போயினர். இந்நிலையில் சூன் திங்களில் வார்சா நகரில் அமெரிக்கத் தூதர், சியாங்கின் படையெடுப்பை அமெரிக்கா ஆதரிக்காது என்று சீனத் தூதருக்கு உறுதி கூறினார். கிழக்குக் கடற்கரையின் கவலை தணிந்தது. தென்மேற்கே திரும்பக் கை ஒழிந்தது. செப்டம்பர் 8-இல் தோலா என்னும் இந்திய நிலையைச் சீன வீரர் சூழ்ந்தனர். அக்டோபர் 12-இல் இலங்கைக்குப் புறப்பட்ட நேரு, நம் நிலத்திலிருந்து அவர்களை அகற்றப் படைக்குக் கட்டளையிட்டிருப்பதாக விமான நிலையத்தில் செய்தியாளரிடம் சொன்னார். எட்டு நாள் கழித்துப் போர் மூண்டது.

கியூபா ஏவுகணை நெருக்கடியும் அதே நாள்களில் நேர்ந்தது. உலகம் அங்கே பார்த்துக்கொண்டிருந்த வேளையில் சீனம் இங்கே அடித்தது என்று சொல்லுவதுண்டு. நாளைக் கணக்கிடுங்கள். கென்னடி அச்செய்தியை உலகறியச் சொன்னது அக்டோபர் 22-இல். தாக்குதல் நடந்தது 20-இல். படைகள் திரண்டதோ அதற்கும் முன்னால். ஆகவே கியூபா இப்போருக்குக் காரணமன்று. சீனத்துக்குக் கிடைத்த வாய்ப்பு. அதன் பயன் மாஸ்கோவில் தெரிந்தது. அமெரிக்காவோடு மோதல் வெடிக்குமோ என்று அஞ்சிய சோவியத்து ஒன்றியத்துக்கு அப்போது சீனத்தின் துணை வேண்டியிருந்தது. அதனால் ‘பிராவ்தா’ இதழ் அக்டோபர் 25-இல் சீனத்தின் பக்கம் சாய்ந்து எழுதியது. நெருக்கடி தீர்ந்த பின் நவம்பர் 5-இல் நடுநிலைக்குத் திரும்பியது.

சோவியத்தோடு இருந்த பிணக்கையும் புறக்காரணங்களில் சேர்க்க வேண்டும். 1959-இல் இந்திய–சீன மோதலில் மாஸ்கோ எப்பக்கமும் சேராதிருந்தது. 1960-இல் சீனத்திலிருந்த தன் வல்லுநர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1962-இல் இந்தியாவுக்கு மிக்-21 விமானங்களைத் தர இசைந்தது. பொதுவுடைமை உலகத்தின் தலைமை யாருக்கு என்னும் போட்டியில், “நீங்கள் பாராட்டும் நேருவைப் பாருங்கள்” என்று குருஷ்சேவுக்குக் காட்டவும் சீனம் விரும்பியது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிடையே இந்தியாவுக்கு இருந்த மதிப்பைக் குறைக்கவும் இது வழியாயிற்று.

மூன்றாவது வினா: அந்த அளவோடு நின்றது ஏன்? இங்கேதான் வலியறிதல் வருகிறது. தன் வலி, மாற்றான் வலி, இருவர்க்கும் துணையாவார் வலி ஆகியவற்றை எண்ணுவது அவ்வதிகாரத்தின் பொருள். சீனப் படை உயரமான நிலத்தில் பழகியது. சாலையும் சேமிப்பும் உடையது. நம் வீரர் பலர் கோடைக்குரிய பருத்திச் சட்டையோடு, கையில் சில தோட்டாக்களோடு பனிமலையில் நின்றனர். ஆயினும் நவம்பர் 18-இல் ரெசாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கும் அவர் தோழரும் ஏறத்தாழ அனைவரும் மாளும்வரை நின்று போரிட்டனர். அதே நாள்களில் கிழக்கே சே லா, பொம்டிலா நிலைகள் வீழ்ந்தன. அரசுக் கணக்கின்படி நம் தரப்பில் ஏறத்தாழ 1,380 வீரர் மாண்டனர். ஏறத்தாழ 1,700 பேர் காணாமற்போயினர். 3,900-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

இதற்குமேல் சமவெளியில் இறங்கினால் சீனத்துக்குக் கேடு காத்திருந்தது. பனி விழுந்து கணவாய்கள் அடைபடும். பின்னால் உணவு வாராது. அமெரிக்காவும் பிரிட்டனும் இந்தியாவுக்குக் கருவிகள் அனுப்பத் தொடங்கியிருந்தன; நவம்பர் 19-இல் நேரு விமானப்படைத் துணையும் கேட்டுக் கென்னடிக்கு எழுதினார். கிழக்கே விட்டுச்சென்றாலும், சீனம் உண்மையில் விரும்பிய அக்சாய் சின் சாலை அதன் கையிலேயே நின்றது. நிலம் பிடிப்பதோடு, அடித்து அடக்கிப் ‘பாடம் புகட்டுவதும்’ நோக்கம் என்பது இதனால் விளங்கும். டிசம்பரில் இலங்கை உள்ளிட்ட ஆறு நாடுகள் கொழும்பில் கூடிச் சமரசத் திட்டம் வகுத்தும் எல்லைச் சிக்கல் தீரவில்லை.

பொதுவுடைமைக் கொள்கைதான் போருக்குக் காரணம் என்ற விடைக்கு வருவோம். 1969-இல் அதே சீனம் சோவியத்துப் படையோடு உசூரி ஆற்றில் மோதியது. 1979 பிப்ரவரி 17-இல் வியத்நாமின்மீது படையெடுத்து, ஒரு திங்களுக்குள் திரும்பியது. அப்போதும் பாடம் புகட்டுவதே நோக்கம் என்று சொன்னது. மூன்று நாடுகளும் ஒரே கொடியின் நிறத்தை உடையவை. ஒரே ஆசான்களின் நூல்களைப் படித்தவை. கொள்கை ஒன்றாயிருந்தும் குருதி சிந்தியது என்றால், கொள்கையின் பெயரைத் தாண்டிக் காரணம் தேட வேண்டும் என்பது தெளிவு. ஆயினும் கொள்கைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லலாகாது. எதிர்த்துப் பேசுவோரை அடக்கிய ஒரு கட்சி ஆட்சியில், தலைமையின் தவறான ஐயத்தைத் திருத்த நாடாளுமன்றமோ செய்தித்தாளோ இல்லை. இங்கே நேருவின் நெருங்கிய நண்பரான கிருஷ்ண மேனன் மக்களின் சினத்தால் நவம்பர் 7-இல் பதவி விலகினார். கோடிக்கணக்கானோர் மாண்ட பஞ்சத்துக்கு அங்கே அத்தகைய விலை கொடுத்தவர் யார்?

அங்கே அகக்காரணங்களால் எழுந்த போர், இங்கே நம் அகத்தையும் மாற்றிற்று. நான் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. மூத்தோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். பெண்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த காலம் அது. அண்ணாதுரை அவர்களின் திராவிட முன்னேற்றக் கழகம் பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்து நாட்டின் பக்கம் நின்றது. 1963-இல் அக்கோரிக்கையை அறவே கைவிட்டது. அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த நம் புதுக்கோட்டைக்கு இதில் தனி இடம் உண்டு. 1962 பொதுத்தேர்தலில் இத்தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய உறுப்பினர் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆர். உமாநாத். அக்கட்சியின் தேசியக் குழு நவம்பர் 1-ஆம் நாள் சீனத்தின் செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் உட்பிளவு ஆழமாகி, 1964-இல் கட்சி இரண்டாயிற்று. 1967-இல் அதே தொகுதியில் அதே உமாநாத் மார்க்சிஸ்டுக் கட்சியின் சார்பில் மீண்டும் வென்றார். இமயமலைப் பனியில் வெடித்த துப்பாக்கியின் ஓசை, புதுக்கோட்டையின் வாக்குச்சீட்டிலும் கேட்டது.

பெருமைப்பட முடியாத ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில், சீன வழித்தோன்றல் என்னும் ஒரே காரணத்துக்காக, இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தோர் உட்பட ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளும் முதியோரும் அதில் இருந்தனர். பீக்கிங்கில் ஒரு சிலர் எடுத்த முடிவுக்கு, கல்கத்தாவில் தோல் பதனிட்டும் அசாமில் கடை வைத்தும் பிழைத்தவர்கள் என்ன செய்வார்கள்? அரசின் செயலை மக்களின் இயல்பாகக் கொள்ளும் பிழை எத்துணைக் கொடியது என்பதற்கு இது சான்று. அந்த அரசின் பஞ்சத்தில் முதலில் மாண்டவர்களும் சீன உழவர்களே.

இக்கேள்வி பழங்கதையாகி முடிந்துவிடவுமில்லை. 2020 சூன் 15-ஆம் நாள் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் இருபதின்மர் உயிர் நீத்தனர். அவருள் ஒருவர் நம் அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தைச் சேர்ந்தவர். அன்று செய்தி வந்தவுடன் வெறுப்பைப் பேசினவர் பலர். காரணத்தைக் கேட்டவர் சிலர். மாணவர்களே, நீங்கள் அந்தச் சிலரில் சேர வேண்டும் என்று விரும்புகிறேன். உங்களில் சிலர் நாளை படையில் சேர்வீர்கள், சிலர் செய்தி எழுதுவீர்கள், எல்லோரும் வாக்களிப்பீர்கள். எல்லையில் அடுத்த முறை ஒரு செய்தி வெடிக்கும்போது, ஏன் அந்த இடம், ஏன் அந்தக் காலம், ஏன் அந்த அளவு என்று கேளுங்கள். அதே மூன்று வினாக்களை நம் அரசினிடத்தும் கேளுங்கள். பகைவனின் அச்சத்தை அறிந்த நாடு அவனுக்குப் பணிந்துபோவதில்லை. அவன் எப்போது, எங்கே வருவான் என்பதை முன்னறிந்து ஆயத்தமாக நிற்கும். பருத்திச் சட்டையோடு பனிமலைக்கு அனுப்பப்பட்ட அந்த வீரர்களுக்கு நாம் பட்ட கடனும் அதுவே.